கைப்பிடித் தகடும் ஒரு சான்றே: பழைய ரிவால்வர்களும் திருவிதாங்கூரின் தந்தமும் ஈட்டியும் ரப்பரும்

பழைய ரிவால்வர் ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலோர் முதலில் குழலின் மேற்புறத்து எழுத்தைப் படிப்பர். அடுத்து வரிசை எண்ணைத் தேடுவர். பின்னர் பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை இருக்கிறதா என்று உருப்பெருக்கியை எடுப்பர். கைப்பிடியின் இருபுறமும் ஒற்றைத் திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும் இரண்டு தகடுகளை எவரும் சான்றாகக் கருதுவதில்லை. தேய்ந்திருந்தால் மாற்றுவர், விரிசல் கண்டிருந்தால் எறிவர். திருவனந்தபுரத்திலும் அதைச் சூழ்ந்த பழைய திருவிதாங்கூர்ப் பகுதிகளிலும் பாட்டனார் காலத்துத் துப்பாக்கிகளை உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவற்றின் இரும்பு நூறாண்டுகள் தாங்கியிருக்கிறது. கைப்பிடித் தகடுகளோ ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முறை பற்றியும், செப்பனிடும்போது எதைக் காக்க வேண்டும் என்பது பற்றியும் சில குறிப்புகளை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஆயுதவியலார் ‘அசல்’ என்று சொல்லும்போது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையையே குறிப்பர். அந்த அளவில் விடை எளிது. வெப்லி நிறுவனத்தின் பழைய ஆர்.ஐ.சி. வகை ரிவால்வர்களுக்கு ஒரே துண்டாகக் கடைந்தெடுத்த வால்நட் மரக் கைப்பிடி. அதன் மேல் வைரக்கட்டச் செதுக்கு. 1887-இல் பிரிட்டானியப் படை ஏற்றுக்கொண்ட மார்க் 1 முதல் அடுத்தடுத்த படைவகைகளுக்குக் கறுப்பு நிற வல்கனைட் தகடுகள் இரண்டு. 1915-இல் வந்த மார்க் 6-இலும் வல்கனைட்தான். ஆனால் அதுவரை பறவையின் அலகு போல் வளைந்திருந்த கைப்பிடி அதில் சதுர வடிவம் பெற்றது. ஆகவே முந்தைய வகையின் தகடு பிந்தையதில் பொருந்தாது. 1930-களின் என்ஃபீல்ட் எண் 2 ரிவால்வருக்கு முதலில் வால்நட் மரம், போர்க்காலத்தில் பேக்லைட். 1938-க்குப் பிந்தைய மாற்றுவகையில் கட்டைவிரல் படிவதற்கென ஒரு பள்ளமும் உண்டு. என்ஃபீல்டின் வலப்பக்கத் தகட்டில் பதிக்கப்பட்டிருக்கும் சிறு பித்தளை வட்டு படைப்பிரிவின் குறியைப் பொறிப்பதற்கானது. அந்த வட்டோடு சேர்த்துத் தகட்டைக் குப்பையில் போட்டால், அந்த ஆயுதம் எந்தப் படையில் இருந்தது என்பதற்கான நேர்ச்சான்றையும் சேர்த்தே போட்டுவிடுகிறோம்.

அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகள் இவ்வகையில் ஆய்வாளருக்கு இன்னும் உதவுகின்றன. வலப்பக்கத் தகட்டின் உட்புறத்தில் ரிவால்வரின் வரிசை எண்ணையே பென்சிலாலோ முத்திரையாலோ இட்டிருப்பர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கும் பொதுநலநாடுகளுக்கும் அந்நிறுவனத்தின் .38 ரிவால்வர்கள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அது பிறவித் தகடா, பின்னால் வந்ததா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பென்சில் எழுத்தாயின், கையில் கிடைத்த துணியால் உட்புறத்தைத் துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். துடைத்த பின் எண்ணை யாராலும் மீட்க முடியாது.

எண் இல்லாத இடத்தில் பொருளைத்தான் படிக்க வேண்டும். கறுப்பான எல்லாவற்றையும் ‘பேக்லைட்’ என்றோ, ஏலக் குறிப்பேடுகளின் வழக்கப்படி ‘கட்டாபெர்ச்சா’ என்றோ எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. கட்டாபெர்ச்சா மலாய்க் காடுகளின் மரப்பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. வெந்நீரில் இளகிவிடும் அப்பொருள் வெயிலில் அலைபவனின் இடுப்பில் தொங்கும் கைப்பிடிக்கு ஆகாது. கைப்பிடிகளில் இருப்பது வல்கனைட் என்றும் எபோனைட் என்றும் பெயர்பெற்ற கெட்டி ரப்பர். நூறு பங்கு ரப்பரோடு ஏறத்தாழ 25 முதல் 50 பங்கு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது கருங்காலி போல் இறுகும். விரலால் சற்றே வெதுவெதுப்பாகும்வரை தேய்த்து முகர்ந்தால் கந்தக நெடி வரும். பேக்லைட்டில் வருவது மருத்துவமனையை நினைவூட்டும் ஃபீனால் மணம். தந்தம் என்று ஏமாற்றும் செல்லுலாய்டில் கற்பூர மணம் வீசும். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது வடு விட்டுச் செல்வதோடு, செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் பொருளுமாகும்.

இந்த வல்கனைட் நமக்கு அந்நியமான பொருளன்று. 1887-இன் கைப்பிடியில் இருந்தது பெரும்பாலும் தென்னமெரிக்காவின் காட்டு ரப்பர். 1876-இல் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகளின் வழியில் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்தில் கன்றுகள் வேர்பிடித்தன. 1902-இல் திருவிதாங்கூரில் பெரியாற்றங்கரையின் தட்டேக்காட்டில் வணிக நோக்கிலான ரப்பர்த் தோட்டம் எழுந்தது. முதல் உலகப் போர் தொடங்குவதை ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சிவிட்டது. மலாயாவிலும் இலங்கையிலும் அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட தொழிலாளர்கள். மார்க் 6 ரிவால்வர்கள் வார்க்கப்பட்ட காலம் அதுவே. ஆங்கிலேய அதிகாரியின் உள்ளங்கை அழுந்திய அந்தக் கறுப்புத் தகட்டை ‘பர்மிங்காம் தயாரிப்பு’ என்று மட்டும் எழுதி முடிப்பது என்னளவில் அரைகுறை வரலாறு.

மரத்துக்கு வருவோம். வால்நட் நம் நாட்டில் காஷ்மீர் மரம், தெற்கே கிடைப்பதரிது. எனவே உடைந்த தகடுகளுக்குப் பதிலாக உள்ளூர்த் தச்சர்கள் செதுக்கியவை பெரும்பாலும் ஈட்டி மரத்தில், அதாவது தோதகத்தியில் இருக்கின்றன. வால்நட் பழுப்பு, ஈட்டியோ ஊதாச் சாயல் கலந்த கருஞ்சிவப்பு, கையில் எடுத்தாலே கனம் தெரியும். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுடைமையான ராஜ விருட்சங்கள். தனியார் நிலத்தில் நின்றாலும் வெட்டும் உரிமை அரசுக்கே உரியது. ஆகவே ஓர் ஈட்டிக் கைப்பிடியைப் பார்க்கும்போது ‘இது அசலன்று’ என்பதோடு நின்றுவிடாமல், அந்த மரத்துண்டு எந்தப் பட்டறையின் கழிவிலிருந்து வந்திருக்கும் என்றும் கேட்பது நல்லது. நாற்காலியும் பெட்டியும் செய்த அதே கைகள்தான் இதையும் செய்திருக்கின்றன.

தந்தத்தின் கதை வேறு. திருவனந்தபுரத்தின் தந்தச் செதுக்கு உலகறிந்தது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851-இல் லண்டன் பெருங்காட்சியில் வைக்கப்பட்டது. அரசி பின்னாளில் அதில் அமர்ந்து படமெடுத்துக்கொண்டார். 1888-இல் தொடங்கிய இந்நகரத்துக் கலைப்பள்ளி (இன்றைய நுண்கலைக் கல்லூரி) தந்த வேலையையும் வளர்த்தது. இத்தகைய ஊரில் ஒரு ரிவால்வரின் கைப்பிடி வெண்ணிறமாக இருந்தால் உடனே ‘அரண்மனைத் தந்தம்’ என்ற கதை பிறந்துவிடுகிறது. கதையை நம்புமுன் கைப்பிடியின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்ணிய கோடுகள் தெரியும். வெளியோரத்தில் அவை சந்திக்கும் கோணம் யானைத் தந்தத்தில் பெரும்பாலும் 115 பாகைக்கு மேல். புதைபடிவ மாமதத்தின் தந்தத்தில் 90 பாகைக்குக் கீழ். தகட்டின் முகப்பு நீளவாட்டில் அறுக்கப்பட்டிருப்பதால் அங்கே இந்த வலைக்கோலம் தெரியாது. அடிமுனையில்தான் தேட வேண்டும். எலும்பாயின் கறுப்புப் புள்ளிகளும் நுண்கீறல்களும் தென்படும். செல்லுலாய்டாயின், எந்திரத்தால் இழுத்ததுபோல் ஒரே சீரான இணைகோடுகள் நிற்கும்.

சோதனையில் அது உண்மையான தந்தம் என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு சட்டமும் கூடவே வரும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986-லும் 1991-லும் அதில் செய்யப்பட்ட திருத்தங்களும் தந்த வணிகத்தை இந்தியத் தந்தம், இறக்குமதித் தந்தம் என்ற வேறுபாடின்றி அடைத்துவிட்டன. இந்நகரத்தின் செதுக்கர்கள் ஈட்டிக்கும் சந்தனத்துக்கும் எலும்புக்கும் மாறியது அதன் பிறகுதான். எனவே மரபுரிமையாக வந்த தந்தக் கைப்பிடியை விற்பதற்கோ, உடைந்த மூலைக்குப் புதுத் தந்தம் வைத்து ஒட்டுவதற்கோ வழியில்லை. உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை வனத்துறையின் வழியே தெளிவுபடுத்திக்கொள்வதே முதல் வேலை. உடைந்த மூலை அப்படியே இருக்கட்டும். அதனால் எந்த இழிவும் இல்லை.

தகடு எதுவாயினும், அது இந்த உடலோடு எத்தனை காலம் இருந்தது என்பதைச் சொல்வது அதன் அடியில் உள்ள இரும்பு. தகட்டைக் கழற்றியதும் சட்டகத்தில் ஒரு நிழல்கோடு தெரியும். தகட்டின் மறைவில் இருந்த பகுதியில் நீலப்பூச்சு புதுமையோடு இருக்கும், வெளியே மங்கியிருக்கும். அந்தக் கோடு இப்போதைய தகட்டின் விளிம்போடு பொருந்தினால் இரண்டும் நெடுநாள் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. கோடு ஒருபுறமும் விளிம்பு ஒருபுறமுமாக இருந்தால், இடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. சில சட்டகங்களில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் இருக்கும். தேய்மானத்தையும் ஒப்பிட வேண்டும். குழலின் முனையில் நீலம் முழுதும் போய், கைப்பிடியின் வைரக்கட்டங்கள் மட்டும் ஊசி போல் கூர்மையாக நின்றால் ஐயப்படலாம். உட்புறமும் பேசும்: வார்த்த வல்கனைட்டில் அச்சின் வழவழப்பு, கையால் செய்ததில் அரத்தின் வரிகளும் உளியின் தடமும்.

திருகாணியையும் கவனியுங்கள். பழைய ஆங்கிலேயத் திருகாணியின் தலைவெட்டு மெல்லியது. கடையில் கிடைக்கும் திருப்புளி அதில் நுழையாது, நுழைத்தால் தலை சிதையும். வெட்டுக்கு ஏற்ப இராவிய திருப்புளி ஒன்றைச் செய்துகொள்வது அரைமணி நேர வேலை. பழைய மரைக்குள் இன்றைய மெட்ரிக் திருகாணியை முறுக்கி ஏற்றுவது, நான் பார்த்தவரை, துருவைக் காட்டிலும் அதிகக் கேடு செய்திருக்கிறது.

இரும்பிலும் உள்ளூர் வரலாறு உண்டு. அகன்ற அம்புக்குறியின் கீழ் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பிரிட்டானிய இந்திய அரசின் உடைமையாக இருந்தது. பிரிட்டானியப் படை அதிகாரிகள் தம் ரிவால்வரைத் தாமே விலைக்கு வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்ததால், விற்ற கடையின் பெயர் சட்டகத்தின் மேற்பட்டையில் பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ் கம்பெனி போன்ற பெயர்கள் தென்னாட்டுத் துப்பாக்கிகளில் காணக்கிடைக்கின்றன.

அடையாளம் காணுதல் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1928 டிசம்பரில் லாகூரில் சாண்டர்ஸைச் சுட பகத் சிங் பயன்படுத்திய .32 கோல்ட் துப்பாக்கி, இந்தூரில் எல்லைக் காவல் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளி அருங்காட்சியகத்தில் மற்ற துப்பாக்கிகளுக்கிடையே பல்லாண்டுகள் அடையாளமின்றி இருந்தது. மேலே பூசியிருந்த கறுப்பு வண்ணத்தை நீக்கியபோதுதான் 168896 என்ற எண் வெளிப்பட்டு, வழக்கு ஆவணத்தோடு பொருந்தியது. பாதுகாக்கும் நல்லெண்ணத்தில் பூசிய வண்ணமே அடையாளத்தை மூடியிருந்தது. தமிழ்நாட்டு வரலாற்றிலும் இத்தகைய மங்கல் உண்டு. திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றிய வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கியால். நம் நூல்கள் பலவும் கதைகளும் அதை ‘ரிவால்வர்’ என்றே எழுதிவருகின்றன. சுழலும் உருளை கொண்டது ரிவால்வர்; பிரௌனிங்கில் உருளை இல்லை, கைப்பிடிக்குள்தான் தோட்டாக்கள் அடுக்கப்படுகின்றன. அந்த பெல்ஜியத் தொழிற்சாலையின் பெயரெழுத்துகள் கைப்பிடித் தகட்டிலேயே வார்க்கப்பட்டிருக்கும். தகட்டைப் பார்த்துப் பழகிய கண் இந்தப் பிழையைச் செய்யாது.

இனிச் செப்பனிடும் முறை. இங்கேதான் என் கருத்து ஆயுதச் சேகரிப்பாளர் பலரின் கருத்தோடு மாறுபடுகிறது. தொழிற்சாலை நிலைக்கு மீட்பதே சிறப்பு என்பது அவர்கள் கொள்கை. சில மாதங்களுக்கு முன் இந்நகரத்தில் ஒரு குடும்பத்தினர் தம் உரிமத்துக்குட்பட்ட .32 வெப்லியைக் காட்டினர். குழல் மடங்கித் திறக்கும் வகை. அதில் ஈட்டி மரத் தகடுகள் இருந்தன. கட்டங்கள் நேர்கோட்டில் இல்லை, ஓரம் சற்றே துருத்தியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கறுப்பு நெகிழித் தகடுகளும் அருகில் தயாராக இருந்தன. பழையவற்றைத் தூக்கியெறிய வேண்டியதுதான் மிச்சம். கழற்றிப் பார்த்தபோது சட்டகத்தில் இரண்டு நிழல்கோடுகள். பழைய கோட்டை ஒட்டி இரும்பில் நுண்ணிய அரிப்பு. வல்கனைட் சிதையும்போது கசியும் கந்தக அமிலத்தின் வேலை அது. ஈட்டித் தகட்டின் உட்புறத்தில் உளியால் வெட்டிய மலையாள எழுத்து ஒன்று, தச்சனின் பொருத்துக்குறி. அதாவது ஆலைத் தகடு இந்தக் கடற்காற்றில் கெட்டுப்போனது. உள்ளூர்த் தச்சன் ஒருவன் மாற்று செய்தான். அதன் பிறகு இரண்டு தலைமுறை உள்ளங்கைகள் அந்த ஈட்டியைத் தேய்த்து மெருகேற்றின. புதிய நெகிழியில் இந்த மூன்று செய்திகளில் ஒன்றுகூட இல்லை. நெகிழித் தகடு பெட்டிக்குள் போனது. ஈட்டி கைப்பிடியிலேயே இருக்கிறது.

வல்கனைட் தகடு முழுதாக எஞ்சியிருந்தால் அதைக் காப்பது பெரும்பாலும் சும்மா இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. ஒளியும் ஈரமும் அதன் பகைவர்கள். இரண்டும் சேர்ந்தால் கறுப்பு பழுப்பாகவும் பச்சை கலந்த மங்கலாகவும் மாறும். மேற்பரப்பில் அமிலம் ஊறும். திருவனந்தபுரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எனவே இருட்டும் உலர்வும் வேண்டும். சிலிக்கா ஜெல் பைகளைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவது கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்கும் தகட்டுக்கும் ஒருசேரக் கேடு செய்யும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மெல்ல ஒற்றி உடனே உலர்த்தினால் மேற்பரப்பு அமிலம் ஓரளவு நீங்கும். வெந்நீர், சோப்பு, சோடா எதுவும் ஆகாது. பழுப்பைத் தேய்த்தெடுத்துக் கறுப்பைக் கொண்டுவரலாம்தான். தேய்ந்து போவது வைரக்கட்டங்கள். காலணி மை பூசிக் கறுப்பாக்கும் உள்ளூர் உத்தியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மரத் தகட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது இப்பகுதியின் பழக்கம். அது உலராத எண்ணெய். செதுக்கில் தங்கி, தூசியைச் சேர்த்துப் பிசுக்காகும். ஆங்கிலேயப் படைத் துப்பாக்கிகளின் மரத்துக்கு வழிவழியாகப் பயன்பட்டது ஆளிவிதை எண்ணெய். அது காற்றில் உலர்ந்து இறுகும். அதையும் துளித்துளியாக, பழைய பிசுக்கை மென்தூரிகையால் நீக்கிய பின்னரே இட வேண்டும். பித்தளை வட்டைப் பிராஸோ கொண்டு பளபளப்பாக்கினால் பொறித்த எழுத்து ஒவ்வொரு முறையும் சிறிது ஆழம் இழக்கும். வெண்பொடியும் கட்டங்களுக்குள் உறையும். விரிசலுக்கு மீட்டெடுக்கக்கூடிய பசையே வேண்டும். மரத்துக்கு விலங்குப் பசை போதும். பின்னால் வருபவர் வெதுவெதுப்பான ஈரத்தால் அதைப் பிரித்துவிடலாம். துண்டு காணாமற்போன வல்கனைட்டுக்கு அசலின் மேல் எப்போக்ஸியைப் பூசுவதைவிட, முழுத் தகடு ஒன்றிலிருந்து சிலிகோன் அச்செடுத்துப் பிரதி வார்த்து, பிரதியைத் துப்பாக்கியில் பொருத்தி, உடைந்த அசலைப் பெட்டியில் வைப்பது மேல். பிரதியின் உட்புறத்தில் அது பிரதி என்பதையும் ஆண்டையும் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாத பிரதி ஐம்பது ஆண்டில் அசலாகிவிடும்.

இவை அனைத்துக்கும் முன்னதாக ஒரு சொல். 1959-இன் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். தெரிந்த தச்சரிடமோ பட்டறையிலோ ரிவால்வரைக் கொடுத்து வருவது உரியவருக்கும் தச்சருக்கும் ஒருசேர வழக்கைத் தேடித்தரும். உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் தகட்டைக் கழற்றச் செய்து, தேவையானால் தகட்டின் அளவையும் படத்தையும் மட்டும் தச்சரிடம் கொண்டுசெல்லுங்கள். எவ்வகையிலும் சுட இயலாத பழம்பொருள் ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் பழையது என்பதாலேயே விலக்கு வந்துவிடாது. நூறாண்டு கடந்தவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முயல்வோர் 1972-இன் தொல்பொருள் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில், குமரி மாவட்டம் உட்பட, இத்தகைய கைப்பிடித் தகடுகளின் உட்புறக் குறிகளைத் தொகுத்து வருகிறேன். தச்சரின் பொருத்துக்குறி, மலையாள எழுத்து, தமிழ் எண், படைப்பிரிவு வட்டு எதுவாயினும் பயன்படும். உரிமத்தோடு வைத்திருப்போர் தகட்டின் உட்புறப் படத்தை மட்டும் தனிச்செய்தியில் அனுப்பலாம். வரிசை எண்ணும் உரிமையாளர் பெயரும் வேண்டாம். எந்த மரம், எந்த வகைத் துப்பாக்கி, தகட்டின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்பவை போதும். எறிந்துவிடலாம் என்று ஒதுக்கிவைத்த உடைந்த தகடுகள் இருந்தால் அவற்றின் படத்தை முதலில் அனுப்புங்கள்.